பகடை மேசையில் டைனோசர்கள்

1970களில் அமெரிக்கக் கடைகளில், ஹாங்காங்கில் வார்த்த மலிவு பிளாஸ்டிக் பொம்மைகள் பைகளில் அடைத்து விற்கப்பட்டன. வரலாற்றுக்கு முந்தைய விலங்குகள் என்பது அவற்றின் பெயர். ஆனால் அவற்றில் சில எந்த யுகத்திலும் பூமியில் நடமாடியவை அல்ல. ஒன்றுக்கு வால் நுனியில் துடுப்புப் போன்ற தகடு, இன்னொன்றுக்கு முதுகு முழுக்க ஓடு, வேறொன்றுக்குப் பறவையின் முகம். டேவ் ஆர்னஸனுடன் சேர்ந்து 1974இல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டை உருவாக்கிய கேரி கைகாக்ஸ் அந்தப் பொம்மைகளை வாங்கி வந்து ஆட்ட மேசையில் வைத்தார். இரும்பைத் துருவாக்கித் தின்னும் ‘ரஸ்ட் மான்ஸ்டர்’, மண்ணுக்கடியிலிருந்து பாய்ந்து வரும் ‘புலெட்’, ஆந்தைத் தலையும் கரடி உடலும் கொண்ட ‘அவுல்பேர்’ ஆகிய மூன்றும் அந்தப் பையிலிருந்து பிறந்தவை. ஐம்பது ஆண்டுகள் கழிந்தும் அவை அந்த விளையாட்டின் அடையாளங்களாக நிற்கின்றன. அதே விளையாட்டில் முதல் பத்தாண்டிலிருந்தே உண்மையான டைனோசர்களும் இருக்கின்றன. உருவத்தில் அவற்றை மிஞ்ச எதுவும் இல்லை, ஆனாலும் அந்த மூன்றுக்குக் கிடைத்த இடம் அவற்றுக்குக் கிடைக்கவில்லை. காரணத்தைத் தேடினால், அழிந்துபோன ஒரு விலங்கை எப்படி விளையாட்டுக்குக் கொண்டுவருவது என்ற கேள்வி முழுவதும் திறந்துகொள்கிறது.

இந்த வகை விளையாட்டில் நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். ஆட்டத்தை நடத்துபவர் காட்டையும் குகையையும் எதிர்ப்படும் உயிர்களையும் சொல்லிக்கொண்டு போகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாம் என்ன செய்கிறோம் என்று சொல்கிறார்கள். முடிவு உறுதியில்லாத இடத்தில் பகடை உருளும். ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு பண்புக் கட்டம் உண்டு: எத்தனை அடி தாங்கும் என்பதற்கு உயிர்ப்புள்ளி, தாக்குவது எவ்வளவு கடினம் என்பதற்குக் கவச எண், எவ்வளவு ஆபத்தானது என்பதற்குச் சவால் அளவு. 1977இல் வந்த ‘மான்ஸ்டர் மேனுவல்’ நூலில் டைனோசர் என்ற ஒரே தலைப்பின்கீழ் இருபதுக்கும் மேற்பட்ட பெயர்கள் அணிவகுக்கின்றன. ஆர்க்கிலான் என்ற கடலாமையும், டைனிக்திஸ் என்ற கவசமீனும்கூட அந்த வரிசையில் இடம்பெற்றன. பெரும்பாலானவற்றுக்குக் கிடைத்தவை ஒரு வரிசை எண்களும் ஓரிரு வரி விளக்கமும்தான். ரஸ்ட் மான்ஸ்டருக்கோ அந்நூல் ஒரு பசியைக் கொடுத்தது. தூரத்திலிருந்தே இரும்பை மோப்பம் பிடித்து அது வரும். ஓடுகிறவர்கள் இரும்பு ஆணிகளை வீசினால் நின்று தின்னும். கவசம் அணிந்த வீரன் நடுங்குவான், வெறுங்கையோடு நிற்கும் மந்திரவாதிக்குக் கவலையே இல்லை. பொய்யான விலங்குக்கு ஒரு வாழ்க்கை கிடைத்தது, மெய்யான விலங்குகளுக்கு எண்கள் மட்டும் கிடைத்தன. டைனோசர்களை மேசைக்குக் கொண்டுவந்தவர்கள் அவற்றின் உருவத்தை எடுத்துக்கொண்டு நடத்தையை விட்டுவிட்டார்கள் என்பதும், அந்த நடத்தையில் பெரும்பகுதி எலும்புகளிலேயே பதிவாகியிருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் டைரனோசரஸ். இவ்விளையாட்டின் ஐந்தாம் பதிப்பின் 2014 ‘மான்ஸ்டர் மேனுவல்’ அதற்கு 136 உயிர்ப்புள்ளியும் கவச எண் 13உம் சவால் அளவு 8உம் தருகிறது. ஒரு முறையில் அது இரண்டு தாக்குதல் செய்யும். ஒன்று கடி, சராசரி 33 புள்ளி சேதம். மற்றொன்று வால்வீச்சு, சராசரி 20. இரண்டையும் ஒரே எதிரிமேல் செய்யக்கூடாது. கடி நன்றாக எழுதப்பட்ட விதி. கடிபட்டவர் தாடையில் சிக்கிக்கொள்கிறார், அவரை விடாமல் விலங்கு இன்னொருவரைக் கடிக்க முடியாது. 2012இல் கார்ல் பேட்ஸும் பீட்டர் ஃபால்கிங்ஹாமும் கணினி மாதிரியில் கணித்த கடிவிசை 35,000 முதல் 57,000 நியூட்டன் வரை. நொறுங்கிய எலும்புத் துண்டுகள் நிறைந்த 44 சென்டிமீட்டர் நீளக் கல்லான சாணம் கனடாவின் சஸ்காட்சுவனில் கிடைத்து 1998இல் விவரிக்கப்பட்டது. அந்தத் தாடைக்கு இந்த விதி பொருந்துகிறது. வால்வீச்சுக்கு இப்படி ஒரு சான்றும் கிடையாது. அந்த வால் முன்னால் நீண்ட கனத்த தலைக்கு எதிர்ப்பாரம். தொடையைப் பின்னுக்கு இழுக்கும் பெருந்தசை வாலின் அடியில்தான் ஒட்டியிருந்தது. வாலைச் சவுக்காக வீசும் விலங்கு அந்நேரம் நடையை இழந்து நிற்கும். இருந்தும் வால்வீச்சு ஏன் வந்தது? நான்கு பேர் சூழ்ந்து நிற்கையில் ஒருவரை மட்டும் கடிக்கும் விலங்கு ஆட்டக் கணக்கில் இளைத்துப் போகிறது. அந்த ஓட்டையை வாலால் அடைத்தார்கள்.

அதே ஓட்டையை அடைக்க எலும்பிலேயே வேறு வழி இருந்தது. டைரனோசரஸின் மூளைப்பெட்டியில் மோப்பத்துக்கான பகுதி மிகப் பெரியது, உடல் அளவுக்கு எதிர்பார்ப்பதைவிடவும் பெரியது என்று 2009இல் வந்த ஆய்வு காட்டியது. இரு கண்களும் ஒருசேர முன்னோக்கிப் பார்த்தன, தூரத்தை மதிப்பிட வல்லவை. அசையாமல் நின்றால் அதன் கண்ணுக்குத் தெரியமாட்டோம் என்று ‘ஜுராசிக் பார்க்’ படம் பரப்பிய நம்பிக்கைக்கு எதிர்த்திசையில்தான் சான்றுகள் நிற்கின்றன. 2014 நூல் சாதாரண ஓநாய்க்குக் கூர்மோப்பம் என்ற சிறப்பைத் தருகிறது, டைரனோசரஸுக்குத் தரவில்லை. இந்த ஒரு வரியைச் சேர்த்துப் பாருங்கள். காயம்பட்ட தோழனைச் சுமந்துகொண்டு பாறை இடுக்கில் ஒளிந்திருக்கிறார்கள் ஆட்டக்காரர்கள். வெளியே காலடி நின்றுவிட்டது. ரத்தக் கட்டை அவிழ்த்து எங்கே எறிவது, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, ஆற்றில் இறங்கலாமா என்று மேசையில் பேச்சு தொடங்கும். ஒரு பகடையும் உருளவில்லை, ஆனால் டைரனோசரஸ் வந்துவிட்டது. வேகத்துக்கும் இதுவே பொருந்தும். முழு வளர்ச்சியடைந்த டைரனோசரஸ் வேகமாக ஓடவேண்டுமானால் உடல் எடையில் நம்பமுடியாத பங்கு கால்தசையாகவே இருந்திருக்க வேண்டும் என்று ஜான் ஹட்சின்சனும் மரியானோ கார்சியாவும் 2002இல் காட்டினார்கள். குதிரையைத் துரத்திப் பிடிக்காத, ஆனால் மணிக்கணக்கில் மோப்பத்தைத் தொடரும் விலங்கு ஆட்டத்தில் நீண்ட இரவுகளைத் தரும்.

இன்னொரு எலும்பு டென்வர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எட்மான்டோசரஸ் என்ற தாவர உண்ணியின் வாலில் மேல்பகுதி எலும்புகள் பிய்ந்துபோயிருக்கின்றன. டைரனோசரஸின் கடி என்று கெனத் கார்பென்டர் அதை விளக்கினார். அந்தக் காயத்தின் விளிம்பு வளர்ந்து ஆறியிருக்கிறது. கடிபட்ட விலங்கு தப்பிப் பிழைத்து, காயம் ஆறும்வரை வாழ்ந்திருக்கிறது. வேட்டை தோற்ற ஒரு நாளின் சாட்சி அது. இன்றைய சிங்கமும் முதலையும்கூடப் பல முறை தோற்றுத் திரும்புகின்றன, செத்து விழும்வரை போராடுவதில்லை. பண்புக் கட்டத்தில் 136 என்று எழுதிவிட்டு, அது பூஜ்யமாகும்வரை விலங்கை ஒரே இடத்தில் நிற்கவைத்து அடிப்பதுதான் டைனோசர்களை மேசையில் செத்த பொருளாக்கிய பெரும் பிழை என்பேன். இதற்கான மருந்து விளையாட்டின் பழைய பெட்டியிலேயே இருந்தது. 1981இல் வந்த எளிய பதிப்பில் ஒவ்வொரு உயிருக்கும் மன உறுதி எண் ஒன்று உண்டு. கூட்டத்தில் ஒன்று விழுந்ததும் இரண்டு பகடை உருட்டி, விலங்கு நிற்குமா ஓடுமா என்று பார்ப்பார்கள். எதிர்ப்பட்ட கணத்தில் அதன் மனநிலை என்ன என்பதற்கும் ஓர் அட்டவணை இருந்தது. பாய்வதும் நடக்கலாம், முறைத்துவிட்டு விலகுவதும் நடக்கலாம். அதே ஆண்டு டேவிட் குக்கும் டாம் மோல்ட்வேயும் எழுதிய ‘ஐல் ஆஃப் டிரெட்’ சாகசம் இந்த விதிகளோடுதான் ஆடப்பட்டது. டைனோசர்கள் உலவும் வெப்பமண்டலத் தீவு அது. அப்போது பாத்திரங்களை வளர்க்கும் அனுபவப் புள்ளியின் பெரும்பங்கு கொண்டுவந்த பொன்னிலிருந்து கிடைத்தது, கொன்ற விலங்கிலிருந்து கிடைத்தது குறைவு. எனவே டைரனோசரஸைக் கண்டால் சுற்றிப் போவதே புத்திசாலித்தனம். 2014 பதிப்பில் அதை வீழ்த்தினால் 3,900 புள்ளி, மன உறுதியோ விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் விதியாகச் சுருங்கிவிட்டது. விலங்கு மாறவில்லை, அதைச் சுற்றியிருந்த பொருளாதாரம் மாறியது. சுற்றிப் போக வேண்டிய விலங்கு கொன்று தீர்க்க வேண்டிய விலங்கானது இப்படித்தான்.

சிறிய வேட்டை டைனோசர்களின் கதை இன்னும் வளமானது. 1971இல் போலந்து-மங்கோலியக் குழு கோபி பாலைவனத்தில் இரண்டு எலும்புக்கூடுகளை ஒன்றோடொன்று பின்னிய நிலையில் கண்டெடுத்தது. வெலாசிராப்டரின் வளைநகம் புரோட்டோசெராடாப்ஸின் கழுத்தருகே கிடக்கிறது. புரோட்டோசெராடாப்ஸின் அலகோ வெலாசிராப்டரின் வலது முன்கையைக் கவ்வியிருக்கிறது. மணல் மூடிய அந்தக் கணம் ஏழு கோடி ஆண்டுகளுக்கு மேலாக அப்படியே நிற்கிறது. கூட்டமாக வந்து வயிற்றைக் கிழித்துக் குடலை எடுக்கும் விலங்காகத் திரைப்படம் இதைக் காட்டியது. 2005இல் இயந்திரக் கால் ஒன்றில் அந்த நகத்தின் மாதிரியைப் பொருத்திச் சோதித்தபோது அது தோலைத் துளைத்ததே தவிரக் கிழிக்கவில்லை. இன்றைய பருந்து இரையை நகத்தால் தரையோடு அழுத்தி, மேலே ஏறி நின்று, உயிரோடு தின்னத் தொடங்குவதுபோல இவையும் செய்திருக்கும் என்று 2011இல் டென்வர் ஃபவுலரும் அவர் குழுவினரும் வாதிட்டார்கள். அதாவது இரை தன்னைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். 2016இல் வந்த ‘வோலோஸ் கைட் டு மான்ஸ்டர்ஸ்’ இங்கே பாராட்டுக்குரியது. வெலாசிராப்டரை வான்கோழி அளவில், இறகுகளோடு எழுதியது, அதன் பெரிய உறவான டைனோனிகஸ் இரையைப் பற்றிப் பிடித்து உயிரோடு தின்னும் என்றும் சொன்னது. ஆனால் வெலாசிராப்டர் பெரிய இரையைக் கூட்டமாகச் சேர்ந்து வீழ்த்தும் என்றும் எழுதிவிட்டது, அங்கே படம் திரும்பவும் நுழைந்துவிட்டது. டைனோனிகஸ்கூட ஓநாய்போலத் திட்டமிட்டு வேட்டையாடியதற்குச் சான்று மெலிந்துகொண்டு வருகிறது. 2020இல் அதன் பற்களின் வேதியியலை ஆராய்ந்தவர்கள், குஞ்சுகளின் உணவும் வளர்ந்தவற்றின் உணவும் வேறுபட்டிருந்ததைக் கண்டார்கள். முதலைகளைப்போலத் தனித்தனியே இரை தேடியிருக்க வாய்ப்பு அதிகம். இது ஆட்டத்துக்கு இழப்பா? ஒன்றையொன்று கடித்து விரட்டும் ஆறு விலங்குகள் ஒரு பிணத்தைச் சுற்றி நிற்கும் காட்சியில், ஒரு துண்டு இறைச்சியைச் சரியான இடத்தில் எறிந்தால் அவை தங்களுக்குள் அடித்துக்கொள்ளும். கவசம் பூண்ட வீரனை வெலாசிராப்டர் ஏறிட்டும் பார்க்காது. முகாமில் கட்டிய ஆட்டையும், காவல் மாறும் நேரத்தில் தூங்கும், ஹாஃப்லிங் என்ற மூன்றடி உயரக் குள்ள இனத்தவரையும் பார்க்கும்.

கொம்பும் குண்டாந்தடியும் உள்ள தாவர உண்ணிகளிடம் மேசை நூல்கள் இதைவிடக் குறைவாகவே கேட்டிருக்கின்றன. டிரைசெராடாப்ஸுக்கு 20 அடி நேராக ஓடி முட்டி வீழ்த்தும் தாக்குதல், அங்கைலோசரஸுக்கு ஆளைக் கீழே தள்ளும் வாலடி, அவ்வளவுதான். டிரைசெராடாப்ஸ் மண்டையோடுகளின் பின்கவசத்தில் உள்ள காயங்களை 2009இல் ஆண்ட்ரூ ஃபார்க்கும் சகாக்களும் எண்ணிப் பார்த்தார்கள். தன் இனத்தோடு கொம்பு கோத்துப் போரிட்டால் எங்கே காயம்படுமோ அங்கேதான் அவை குவிந்திருந்தன. மான்டானாவில் கிடைத்த ஸூல் என்ற கவச டைனோசருக்கு 2017இல் பெயரிட்டவர்கள், எதிரியின் கணைக்காலை நொறுக்குவது என்ற பொருளில் அதன் இரண்டாம் பெயரை வைத்தார்கள். 2022இல் அதே விலங்கின் விலாப்பக்க முட்களில் உடைந்து ஆறிய காயங்களைக் கண்டபோது, அந்த வால்தடி முதலில் தன் இனத்தின் போட்டியாளர்களையே அடித்திருக்கும் என்ற முடிவுக்கு வந்தார்கள். ஆக, பள்ளத்தாக்கைக் கடக்க வேண்டிய நாளில் ஆட்டக்காரர்கள் எதிர்கொள்வது தங்களைக் கொல்ல வரும் அங்கைலோசரஸ் அல்ல. பருவம் வந்த இரண்டு ஆண் விலங்குகள் ஒன்றின் விலாவை மற்றது அடிக்கும் சத்தம் மலையில் எதிரொலிக்கிறது. மனிதர்களை அவை கவனிப்பதே இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டால் எலும்பு நொறுங்கும். பகைமை இல்லாத ஆபத்து என்ற ஒன்றை மேசை விளையாட்டுகள் அரிதாகவே தருகின்றன, தாவர உண்ணிகள் அதற்கென்றே பிறந்தவை.

வானத்திலும் கடலிலும் இருந்த ஊர்வன டைனோசர்களே அல்ல. ஆட்ட நூல்கள் அவற்றையும், பாலூட்டிகளின் கிளைக்கு நெருங்கிய டைமெட்ரோடானையும் ஒரே தலைப்பில் சேர்ப்பதைக் குறையாகச் சொல்வார்கள் சிலர். தலைப்பு எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை, வாழ்முறை கலந்துவிடுவதுதான் விஷயம். டெரனோடான் என்ற பெயருக்கே பல்லில்லாத சிறகு என்று பொருள். மீன் பிடித்து வாழ்ந்த அந்த விலங்கின் பாதங்களால் மனிதனைத் தூக்கிப் பறந்திருக்க முடியாது. கெட்சால்கோட்லஸோ 1971இல் டெக்சாஸில் கிடைத்தது, சிறகு விரித்தால் 10 மீட்டருக்கு மேல். 2016 நூலில் அது வானிலிருந்து பாய்ந்து தாக்குகிறது. 2008இல் மார்க் விட்டனும் டேரன் நைஷும் அதன் குடும்பத்தின் கழுத்தையும் பாதத்தையும் அலசி, இவை நாரையைப்போலத் தரையில் நடந்து சிறு விலங்குகளைக் கொத்தி விழுங்கியவை என்றார்கள். ஒட்டகச்சிவிங்கி உயரத்தில் ஒரு நாரை. வைகறைப் பனியில், ஆளுயரப் புல்லுக்கு மேலே அந்தத் தலை மட்டும் தெரிகிறது. அவசரமில்லாமல், அடிமேல் அடி வைத்து, நின்று நின்று வருகிறது. வானத்திலிருந்து பாயும் எதையும் அம்பால் எதிர்கொள்ளலாம், இதை எப்படி எதிர்கொள்வது என்று மேசையில் யாருக்கும் சட்டென்று தோன்றாது. பிளிசியோசரும் அப்படியே. அன்னம்போலக் கழுத்தைத் தண்ணீருக்கு மேல் வளைத்துப் படகிலிருந்து ஆளைக் கவ்வும் ஓவியம் பழைய பழக்கம். அந்தக் கனத்த கழுத்து அப்படி நிமிராது. மீன்கூட்டத்தின் அடியிலிருந்து தலை மட்டும் முதலில் வரும், உடல் வெகுதூரம் பின்னால், இருட்டில் இருக்கும். அவை முட்டையிடாமல் ஒரே ஒரு பெரிய குட்டியை ஈன்றன என்பதற்குக் கருவோடு கிடைத்த புதைபடிவம் 2011இல் வெளியானது. குட்டியோடு திரியும் தாய் மீன்பிடி வலையில் சிக்கினால் கடற்கரைக் கிராமத்துக்கு என்ன நேரும் என்பதே ஒரு முழுச் சாகசம்.

இதற்கெல்லாம் முதல் மறுப்பு எளிதாக எழும். நெருப்புமிழும் டிராகனும் பேசும் வாளும் உள்ள உலகில் தொல்லுயிரியல் துல்லியம் எதற்கு? இது நியாயமான கேள்வி, இக்கட்டுரையும் துல்லியத்தைத் துல்லியத்துக்காகக் கேட்கவில்லை. டிராகனைக் கற்பனை செய்தவர்கள் அதற்குப் பேராசை, ஆணவம், பொன்னின் மேல் படுக்கும் பழக்கம் என்று ஒரு முழுக் குணத்தையும் கொடுத்தார்கள். ரஸ்ட் மான்ஸ்டருக்குப் பசி கொடுத்தார்கள். டைனோசருக்கு மட்டும் யாரும் கற்பனை செய்யவில்லை, நிஜ விலங்காயிற்றே, பெயரும் அளவும் போதும் என்று விட்டுவிட்டார்கள். கற்பனையால் நிரப்பத் தயாராக இருப்பவர் தாராளமாக நிரப்பட்டும். 2017இல் வந்த ‘டூம் ஆஃப் அனிஹிலேஷன்’ பிணங்களைக் கக்கும் இறந்த டைரனோசரஸ் ஒன்றை உருவாக்கியது, அதே நூலில் டைனோசர் பந்தயம் நடக்கும் நகரமும் இருக்கிறது. இரண்டையும் ஆட்டக்காரர்கள் மறப்பதில்லை. இவ்விளையாட்டின் கற்பனை உலகங்களில் ஒன்றான எபரானின் சமவெளியில் ஹாஃப்லிங்குகள் டைனோசர்மேல் ஏறித் திரிகிறார்கள், அங்கே அந்த விலங்குகளுக்கு வேட்டைக்காரர்கள் வைத்த பெயர்கள் உண்டு, பண்பாட்டில் இடமும் உண்டு. இவை வெற்றிபெற்றதற்கும் காரணம் அதேதான்: விலங்குக்கு ஒரு வாழ்க்கை கொடுத்தார்கள். என் வாதம், அப்படி ஒன்றைத் தேடுகிறவருக்கு எலும்புகள் மிகப் பெரிய களஞ்சியம் என்பது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. அறிவியல் மாறிக்கொண்டே இருக்கிறது, இன்று சான்றென்று எழுதியது நாளை தவறாகும். 1998இல் அர்ஜென்டினாவிலிருந்து மெகாராப்டர் அறிவிக்கப்பட்டபோது, கிடைத்த பெரிய நகத்தைக் கால்நகம் என்று எடுத்துக்கொண்டார்கள். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ மூன்றாம் பதிப்பு அதை டைனோனிகஸின் பெரிய வடிவமாக, கால்நகத்தால் தாக்கும் விலங்காகச் சேர்த்தது. 2004இல் முழுமையான கை கிடைத்தபோது அது கைநகம் என்று தெரிந்தது. நூல் அச்சாகி மேசைகளில் பரவிவிட்டது. இதை மறுக்க முடியாது, நூல்கள் பழசாகத்தான் செய்யும். ஆனால் திரைப்படத்திலிருந்து எடுத்ததும் பழசாகிறது, அதைத் திருத்த வழி எதுவும் இருப்பதில்லை. சான்றிலிருந்து எழுதியவருக்கு எந்த வரி எந்த எலும்பில் நிற்கிறது என்று தெரியும், மாற்ற வேண்டியது எது என்பதும் தெரியும். அதைவிட முக்கியம், அந்தத் தவறுகளே ஆட்டத்துக்கு நல்ல பொருள். இகுவானடானின் கட்டைவிரல் முள்ளை 19ஆம் நூற்றாண்டில் மூக்கில் கொம்பாக வைத்தார்கள். எலாஸ்மோசரஸின் தலையை எட்வர்ட் கோப் வாலின் நுனியில் பொருத்தினார். 1923இல் மங்கோலியாவில் முட்டைக் கூட்டின்மேல் கிடைத்த விலங்குக்கு ஓவிராப்டர், முட்டைத் திருடன், என்று பெயர் வைத்தார்கள். எழுபது ஆண்டு கழித்து அதே வகை முட்டைக்குள் ஓவிராப்டர் குடும்பத்தின் கரு இருந்தது. திருடன் என்று ஏசப்பட்டது கூட்டில் அடைகாத்த பெற்றோர். இனி ஒரு சாகசத்தில் அறிஞர் ஒருவர் கொடுத்த வரைபடத்தோடு ஆட்டக்காரர்கள் காட்டுக்குள் போகட்டும். முட்டை திருடும் கொடிய விலங்கு என்று அவர் எழுதியிருக்கிறார். கூட்டை நெருங்கும்போது அது சிறகை விரித்து முட்டைகளை மூடிக்கொண்டு நகராமல் கிடக்கிறது. வாளை ஓங்கியவர் என்ன செய்வார்?

ஐயத்தையே விலங்காக்கலாம் என்பதற்கு நம் ஊரிலேயே பெரிய எடுத்துக்காட்டு உண்டு. அரியலூர்ப் பகுதியின் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து யாதகிரியும் அய்யாசாமியும் 1987இல் புருகத்காயோசரஸ் என்று ஒரு விலங்கை அறிவித்தார்கள். பேருடல் கொண்டது என்று பொருள். முதலில் அதை இறைச்சி உண்ணும் டைனோசர் வகையில் வைத்தார்கள், பிறகு அது நீண்ட கழுத்துத் தாவர உண்ணி என்று கருதப்பட்டது. கால் எலும்பு ஒன்றின் நீளம் இரண்டு மீட்டர். பூமியில் நடந்த மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக இருக்கலாம் என்பவர்களும் உண்டு. ஆனால் அந்த எலும்புகள் நொறுங்கிப் போய்விட்டன, படங்களும் வரைபடங்களுமே மிஞ்சின. இதற்கு எத்தனை உயிர்ப்புள்ளி எழுதுவது? எழுதாமலே விடலாம். அதன் கால்தடத்தில் தேங்கிய நீரில் ஒரு கிராமம் நெல் நடுகிறது என்று ஆட்டத்தை நடத்துபவர் சொல்லட்டும். அதைப் பார்த்ததாகச் சொல்லும் கிழவரின் சொல்லும், மழையில் கரைந்துகொண்டிருக்கும் ஓர் எலும்பும் போதும். மழை முற்றும் கரைத்துவிடும் முன் அதைப் பாதுகாக்க ஆட்டக்காரர்கள் முனைவார்களானால் அது எந்தப் போரையும்விடப் பெரிய சாகசம்.

மூன்றாவது மறுப்பை ஆட்டம் நடத்துபவர்களே எழுப்புவார்கள்: இவ்வளவு படித்து, இவ்வளவு நுணுக்கத்தை மேசையில் யார் நினைவில் வைத்திருப்பது? எண்கட்டம் கொடுக்கும் வசதியே அதுதானே. இதில் உண்மை இருக்கிறது. வார இறுதியில் மூன்று மணி நேரம் ஒதுக்கி நண்பர்களைக் கூட்டி வைத்திருப்பவரிடம் ஆய்விதழ் படிக்கச் சொல்ல முடியாது. அந்த வேலையை நூல் எழுதுபவர்தான் செய்ய வேண்டும். செய்ய முடியும் என்பதற்கு 1996இல் வந்த ‘கர்ப்ஸ் டைனோசர்ஸ்’ ஒரு சாட்சி, தொல்லுயிரியலாளர்களே எழுதிய ‘டாக்டர் டிரோலின்ஸ் டிக்ஷனரி ஆஃப் டைனோசர்ஸ்’ அண்மைக்காலச் சாட்சி. சேர்க்க வேண்டியதும் அதிகமில்லை. இன்று என்ன தேடி வந்தது, எதைக் கண்டால் விலகும், எங்கே படுக்கும், அருகில் இருப்பதை எந்தத் தடயம் காட்டும் என்ற நான்கு வரிகள் இருந்தால் பண்புக் கட்டம் விலங்காகிவிடும். டைரனோசரஸின் எண்களை நினைவில் வைப்பதைவிட இந்த நான்கை நினைவில் வைப்பது எளிது, ஏனெனில் இவை கதையாக இருக்கின்றன.

தமிழில் இவ்விளையாட்டை ஆட விரும்புகிறவர்களுக்கு இதைச் செய்ய இப்போது தடையும் இல்லை. 2023 ஜனவரியில் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விடப்பட்டது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் அதை மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், அச்சிட்டு விற்கலாம். அதில் மூன்று விலங்குகள் இந்த வகையில் இருக்கின்றன: டைரனோசரஸ், டிரைசெராடாப்ஸ், பிளிசியோசரஸ். யாராவது அவற்றைத் தமிழாக்கி வெளியிடுங்கள். தமிழாக்கும்போது டைரனோசரஸின் வால்வீச்சை அடித்துவிட்டு, அந்த இடத்தில் மோப்பத்தை எழுதுங்கள்.